கொறடு தொட்டாரா?

எங்கள் படகுத்துறையில் மீனைத் தொடுவதற்குச் சட்டம் இருக்கிறது. மனிதரைத் தொடுவதற்கு அப்படி எதுவும் கிடையாது. யாரும் யாருடைய முதுகிலும் தட்டலாம், தட்டிவிட்டு ஒரு கிளாஸ் வெள்ளை ரம் கேட்கலாம். ஆனால் அக்டோபரில் மார்லின் என்கிற வாள்மூக்கு மீனைப் பிடிக்கும் போட்டி நடக்கும் வாரத்தில் மட்டும் தொடுதல் என்பது வழக்காடுமன்ற விஷயம்.

மீனைக்கூடத் தொட வேண்டியதில்லை. அதன் வாயில் மாட்டியிருக்கும் கொக்கிக்கு முன்னால், தங்கூசி என்கிற நைலான் இழை தடித்ததாகச் சில ஆள் நீளத்துக்கு வரும். படகின் பின்தளத்தில் நிற்கும் ஆள் அந்தத் தடித்த தங்கூசியில் கை வைத்துவிட்டால் போதும், மீன் பிடிபட்டதாகக் கணக்கு. அதற்கப்புறம் அது அறுத்துக்கொண்டு ஓடினாலும், கியூபாவுக்குப் போய்க் குடியேறினாலும், புள்ளி புள்ளிதான். எப்படியும் அவிழ்த்துவிடப்போகிற மீன். எங்கள் அப்பன்மார்கள் மார்லினைக் கொன்று தின்றார்கள். நாங்கள் அதை மணிக்கணக்காக இழுத்துத் துன்புறுத்தி, ஒரு முறை தொட்டு, மரியாதையாக வழியனுப்பி வைக்கிறோம். இதற்கு நாகரிகம் என்று பெயர்.

தொடும் வேலையைச் செய்தவர் ஹோப்டன் மினாட். ஊர் அவரைக் கொறடு என்றே கூப்பிட்டது. ஆணி பிடுங்கும் குறடு மாதிரி, அவர் கையில் தங்கூசி சிக்கினால் மீனுக்கு விமோசனம் இல்லை என்பதால் வந்த பெயர். மாண்டீகோ பே வரைக்கும் கேப்டன்கள் அவரைத் தங்கள் படகுக்கு அழைத்துப் பார்த்தார்கள். அவர் போகவில்லை. ஆட்லி கேப்டன் ஓட்டும் 'மிஸ் பெர்ல்' படகிலேயே இருந்தார். போட்டி இல்லாத மாதங்களில் அந்தப் படகு வெள்ளைக்காரத் தம்பதிகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாகக் கிழக்கே போகும், மேற்கே வரும். நீலக் காயலைக் காட்டும், மலையைக் காட்டும், மழையையும் தானாகவே காட்டும். வழியில் கட்டா மீனோ பாரை மீனோ கடித்தால் தம்பதிகள் கத்துவார்கள். அப்போதும் தங்கூசியைப் பிடித்து மீனைப் படகுக்குள் எடுத்துப்போடுவது கொறடுதான்.

பின்தளத்தில் நிற்கும்வரைதான் அவர் கொறடு. இறங்கிவிட்டால் ஹோப்டன். ஹோப்டன் என்கிறவரை ஊரில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

வலது கை செத்துப்போனதை அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

கை செத்தது ஒரு பெரிய மார்லினால். தங்கூசியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுப்பதுதான் இந்தத் தொழிலின் முறை. மீன் திமிறினால் உடனே விரலை விரித்துத் தங்கூசியை நழுவவிட வேண்டும். பிடிப்பது பாதி வேலை, விடுவது மீதி. அன்றைக்கு அவர் விடுவதற்குக் கொஞ்சம் தாமதித்தார். மீன் அவரைப் படகின் விளிம்புவரை தரதரவென்று இழுத்துப்போய், மணிக்கட்டு எந்தத் திசையில் திரும்பாதோ அந்தத் திசையில் திருப்பிவிட்டது. மனைவி ஐசில்டா வெள்ளை ரம்மில் ஏதோ இலையை ஊறவைத்துக் கட்டுப்போட்டாள். வீக்கம் இறங்கியது. விரல்கள் மடங்கின, நீண்டன, சொன்ன பேச்சையெல்லாம் கேட்டன. திரும்பச் செய்தி அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டன.

முதலில் கண்டுபிடித்தவள் ஐசில்டாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கரியடுப்பு மூட்டி, ஈரப்பலாக்காயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் காயைக் கையாலேயே புரட்டிக்கொண்டு, கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டபடி இருந்தார். அவள் காற்றை மோந்து பார்த்தாள்.

"ஹோப்டன், என்ன இது காய் வாசனை மாதிரி இல்லையே."

அவர் குனிந்து பார்த்தார். உள்ளங்கையின் ஓரம் கருகியிருந்தது.

"சரி," என்றார்.

"சரியா? கை வேகுது, மனுஷன் சரிங்கிறான்! எத்தனை நாளா இப்படி?"

"யாருகிட்டயும் சொல்லாத."

ஐசில்டா யாரென்று தெரிந்தால்தான் இந்த வேண்டுகோளின் கனம் புரியும். படகுத்துறை வாசலில் வறுத்த மீனும் மரவள்ளி ரொட்டியும் விற்பவள். எங்கள் ஊரில் செய்தித்தாள் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரும். அதுவரைக்கும் ஐசில்டாதான். எந்தப் பிள்ளை யாருடையது என்பதுவரை அவளிடம் சூடாகக் கிடைக்கும். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள். எங்கள் பாஸ்டர் பிரசங்கத்துக்கு அற்புதம் தேடி அலைகிறவர். பக்கத்திலேயே ஒன்று நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

கொறடு வேறு ஏற்பாடு செய்துகொண்டார். கை சொல்லாததைக் கண்ணிடம் கேட்டார். பீர் புட்டியை எடுக்குமுன் விரல்களைப் பார்ப்பார், மூடச் சொல்வார், மூடிவிட்டதா என்று இன்னொரு முறை பார்ப்பார். டொமினோ ஆடும்போது இடது கையால் காயைப் பலகையில் அறைவார். கைகுலுக்குவதை விட்டுவிட்டு, முஷ்டியோடு முஷ்டி மோதும் வழக்கத்துக்கு மாறினார். அதை நாங்கள் வயதான காலத்தில் வந்த நாகரிகம் என்று எடுத்துக்கொண்டோம். படகின் சொந்தக்காரர் டாக்டர் ஷெவான் வார இறுதிதோறும் கிங்ஸ்டனிலிருந்து வந்து, மரத்துப்போன அந்த முஷ்டியோடு தன் முஷ்டியை மோதிவிட்டுத்தான் படகில் ஏறுவார். டாக்டர் ஷெவான் நரம்பு வைத்தியர். இந்தத் தீவிலேயே பெரிய ஆள் என்கிறார்கள்.

கை மரத்த பிறகு ஆளும் மரத்தாரா, இல்லை ஆள் முன்பே அப்படித்தானா என்பது பற்றி எங்கள் ரம் கடையில் இரண்டு கட்சி உண்டு. புயலில் அவர் வீட்டுக் கூரை பறந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. ஓடிவந்து சொன்னவனிடம் "சரி" என்றார். மகள் டொராண்டோவிலிருந்து கல்யாணப் படம் அனுப்பினாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "சரி" என்றார். அண்ணன் செத்தபோது ஒன்பதாம் இரவு வரைக்கும் எல்லாச் சடங்கிலும் இருந்தார். பாட்டெல்லாம் ராகம் பிசகாமல் பாடினார், ஆட்டுக்கறி சாப்பிட்டார், பாத்திரம் கழுவ உதவினார். அழவில்லை. ஐசில்டாவிடம் மட்டும், "அழணும்னு தெரியுது. எங்க இருந்து வரணும்னுதான் தெரியல," என்றாராம். உப்புக் கம்மியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

இனிப் போட்டி.

சென்ற அக்டோபரில் கடைசி நாள் 'மிஸ் பெர்ல்' படகும் இன்னொரு படகும் சமமாக நின்றன. இன்னும் ஒரு மீன் தொட்டவருக்குக் கோப்பை. போட்டி விதிப்படி ஒவ்வொரு படகிலும் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் கண்காணியாக ஏற வேண்டும். நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறோம், அதனால்தான் இந்த ஏற்பாடு. 'மிஸ் பெர்ல்' படகில் ஏறியவர் தபால் நிலைய மிஸ் வினெட், சமமாக நின்ற அந்த இன்னொரு படகு கேப்டனின் கொழுந்தி. தபால் தலையைக் கோணலாக ஒட்டினால் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆள். நெறி தவறாதவர். வயிறுதான் கடலில் நெறி தவறியது. காலையிலிருந்து படகின் இடது பக்க விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கடலுக்குத் தன்னால் ஆனதை வழங்கிக்கொண்டிருந்தார்.

போட்டி முடிந்தது, தூண்டிலை எடுங்கள் என்று சொல்லும் நேரம் நெருங்கியபோது மீன் கடித்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டார். ஆட்லி கேப்டன் மேல்தட்டிலிருந்து படகைப் பின்னோக்கி நகர்த்தினார். நீலமார்லின் இரண்டு முறை எழும்பி, வாள் மூக்கை ஆட்டிவிட்டு விழுந்தது. டாக்டர் ரீலைச் சுற்றினார். சுற்றச் சுற்ற அது இறங்கியது, இறங்கியதை மறுபடி சுற்றினார். வெகுநேரம் கழித்துத் தடித்த தங்கூசியின் முனை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கொறடு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றார். தூண்டில் கோலின் நுனிக்கும் தங்கூசி முனைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். கையை நீட்டினார்.

மீன் அப்போது படகின் பின்புறத்திலேயே எழும்பியது. ஒரு அண்டா தண்ணீரை முகத்தில் வீசிய மாதிரி. உப்பு கண்ணில் ஏறியது. அவர் கண்ணை மூடினார், கையை மூடினார். கண்ணைத் திறந்தபோது கோல் நிமிர்ந்து நின்றது, தங்கூசி அறுந்து காற்றில் ஆடியது. கை மூடியபடி இருந்தது. திறந்து பார்த்தார். கையுறை. தங்கூசி இழுத்த பழைய கோடுகள் நிறைய. எது புதுக்கோடு என்று அது சொல்லவில்லை.

டாக்டரின் கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டிருந்தது. கேப்டனுக்கு மேலிருந்து தெரிந்தது கொறடின் முதுகு மட்டும். மிஸ் வினெட் தன் பக்கத்துக் கடலைக் கவனித்துக்கொண்டிருந்தார். படகிலிருந்த கேமராவில் ஒரு பெரிய தண்ணீர்த் துளி மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"தொட்டுட்டல்ல?" கேப்டன் மேலிருந்து குரல் கொடுத்தார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பாதி இறங்கி வந்து கை தட்டத் தயாராக இருந்தார்.

கொறடு கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஸ் வினெட் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மிஸ்டர் மினாட், நான் பாக்கல. அத நான் மறைக்க விரும்பல. நீங்க தொட்டேன்னு சொன்னா எனக்குப் போதும். உங்க வார்த்தைய நான் வயர்லெஸ்ல சொல்லிடுறேன்."

எதிர்த்தரப்பு ஆள் இப்படிச் சொன்னதை எங்கள் துறை இன்றுவரை வியக்கிறது. ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் கொறடு அந்த இடத்தில் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தொட்டேன் என்றால் கோப்பை. தொடவில்லை என்றாலும் கெட்டுப்போவதில்லை, அடுத்த வருடம் இருக்கிறது. இரண்டில் எதைச் சொன்னாலும் மறுநாள் காலையில் அதே பின்தளத்தில் அதே கையுறையோடு நிற்கலாம். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் நிற்க முடியாது.

"தெரியல," என்றார்.

கேப்டன் சிரித்தார். "விளையாடாத கொறடு. வெயில் மண்டைய பிளக்குது. தொட்டியா இல்லையா?"

"தெரியல கேப்டன்."

"உன் கைதானே?"

"என் கைதான். எட்டு வருஷமா எங்கிட்ட பேசறதில்ல."

டாக்டர் கண்ணாடியில்லாத கண்ணால் உற்றுப் பார்த்தார். எழுந்து வந்து, கொறடின் கையுறையைக் கழற்றி, இரைக்கு வைத்திருந்த ஊசியை எடுத்து விரல் நுனியில் குத்தினார். கொறடு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு விரல். ரத்தம் வந்தது.

"எட்டு வருஷம்," என்றார் டாக்டர். "வாராவாரம் உன் கைய இடிச்சிட்டுத்தான் படகேறுறேன்."

"ஆமாங்க டாக்டர். நீங்க லீவுல இருக்கீங்களேன்னு விட்டுட்டேன்."

மிஸ் வினெட் வயர்லெஸ்ஸை எடுத்தார். அதை எல்லாப் படகும் கேட்கும், கரையிலிருக்கிற ரம் கடையும் கேட்கும். தபால் நிலையக் குரலில், ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்: "மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது. தொட்டாரா என்று கேட்டேன். தெரியவில்லை என்கிறார்." ரம் கடையில் தூக்கிய டொமினோக் காய் தூக்கியபடி நின்றது. வாசலில் ஐசில்டா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லிட்டான்," என்றாள். அந்த மீன் கருகியது.

போட்டிக் குழு கூடியது. அதில் பாஸ்டர், ஐஸ் கம்பெனிக்காரர், சுங்க இலாகாவில் ஓய்வுபெற்ற ஒருவர், நான். தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன என்பதற்கு விதி இருந்தது. தெரியாவிட்டால் என்ன என்பதற்கு இல்லை. ஆட்டுத்தலை சூப் ஒரு பாத்திரம் காலியாகும்வரை விவாதித்தோம். தொடுதல் என்பது தங்கூசிக்கு நடப்பது, ஆளுக்குத் தெரிந்தாலென்ன தெரியாவிட்டாலென்ன என்றார் ஐஸ் கம்பெனிக்காரர். தொட்டவனுக்குத் தெரியாத தொடுதல் தூக்கத்தில் சொன்ன ஜெபம் மாதிரி என்றார் பாஸ்டர். இவ்வளவு யோக்கியமானவன் கட்டாயம் தொட்டுத்தான் இருப்பான், யோக்கியதைக்கே ஒரு புள்ளி கொடுக்கலாம் என்றார் சுங்கக்காரர். அவர் வேலையில் இருந்த காலத்தில் யோக்கியதையைப் பற்றி இவ்வளவு உயர்வாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நான் சூப்பில் மிளகாய் போதவில்லை என்றேன். எங்கள் முடிவில் எல்லோரும் ஒத்துப்போன அம்சம் அதுதான். புள்ளி இல்லை என்று தீர்மானித்தோம். கோப்பை மற்ற படகுக்குப் போனது. அவர்களும் அதைத் தலைக்கு மேல் தூக்காமல், ஈரத்துணியைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை கொறடு வழக்கம்போலப் படகுக்கு வந்தார். ஆட்லி கேப்டன் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அது கேப்டன் செய்கிற வேலை அல்ல. கையுறை தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

"கோப்பைக்காக இல்ல," என்றார் கேப்டன், தளத்தைப் பார்த்துக்கொண்டே. "கோப்பைய எங்க வீட்டுல வைக்க எடமும் இல்ல."

"சரி."

"சரி சரின்னு சொல்லாத, கேளு. நீ ரெண்டு சுத்து சுத்திட்டு நிக்கிற. மீன் ஓடுது. புடிச்சிருக்கேன்னு தெரியாதவனுக்கு விடணும்னு எப்படிடா தெரியும்? உன்ன உள்ள இழுத்துட்டுப் போயிருக்கும். நான் பின்னாடியே குதிச்சிருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது, அது உனக்கும் தெரியும்."

"பாத்துப் பாத்துதான் விட்டேன்."

"நேத்து கண்ண மூடுனியே."

கொறடு படகை விட்டு இறங்கினார். இறங்கும்போது வலது கையால் கம்பியைப் பிடித்தார். அது மூடியதா என்று பார்த்துவிட்டு, பிறகு காலை வைத்தார். கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஆள் அப்படி இறங்குவதை அத்தனை வருடமும் பார்த்திருக்கிறார். பெரிய மனுஷன் நிதானமாக இறங்குகிறார் என்றுதான் நினைத்திருக்கிறார்.

டாக்டர் கிங்ஸ்டனுக்கு அழைத்துப்போய், பெரிய யந்திரத்தில் கையை மாட்டிப் பார்த்தார். ரொம்பக் காலம் கடந்துவிட்டது என்றார். ஊர் மக்களும் தங்கள் பங்குக்குப் பரிசோதித்தார்கள். ரம் கடையில் அவர் கையில் ஐஸ்கட்டி வைத்தார்கள், கிள்ளினார்கள், காரமான குண்டு மிளகாயை நறுக்கித் தேய்த்தார்கள். அவர் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிளகாய் தேய்த்த கையால் கண்ணைத் துடைத்தபோதுதான் அவர் கண்ணில் நீர் வந்ததை ஊர் முதன்முதலாகப் பார்த்தது. அண்ணன் சாவுக்கு வராதது இப்போது வருகிறது என்று யாரோ சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கொறடும் யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்றார்.

அடுத்த போட்டிக்கு அவரையே கண்காணியாகப் போடலாம், பொய் சொல்லாத ஆள் என்று குழுவில் நான் பரிந்துரைத்தேன். எல்லாக் கேப்டன்களும் ஒருமனதாக ஆதரித்தார்கள். தங்கள் படகில் மட்டும் வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

இப்போது பின்தளத்தில் வேறொருவர் நிற்கிறார். அவருக்கு இன்னும் பட்டப்பெயர் வரவில்லை. கொறடு மாலையில் படகுத்துறையின் விளிம்பில் நிற்பார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. 'மிஸ் பெர்ல்' கரையோரமாகச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது ஆட்லி கேப்டன் கட்டுக்கயிற்றை அவர் பக்கம் வீசுவார். பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றாலும் அவர் பக்கம்தான். கயிறு வலது கையில் விழும். கேப்டன் இஞ்சினை நிறுத்தாமல் மேலிருந்து கேட்பார்:

"புடிச்சிட்டியா?"

கொறடு குனிந்து கையைப் பார்ப்பார். விரல்கள் மூடியிருக்கின்றன, அவற்றுக்கு நடுவே கயிறு இருக்கிறது. மறுபடி ஒரு முறை பார்ப்பார். பின்தளத்தில் தம்பதிகள் கைப்பையோடு காத்திருப்பார்கள். கேப்டனும் காத்திருப்பார்.

"புடிச்சிருக்கேன்," என்பார். அதற்கப்புறம்தான் இஞ்சின் நிற்கும்.